பரிசோதனைக்கு இன்னும் வராத உறவினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன் தம்பிகளுக்கு, அக்கா தங்கைகளுக்கு, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கு, அத்தை மாமன் மக்களுக்கு,

உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் பெயரும் வயதும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் அறுவை சிகிச்சைக்கு வந்து படுத்தபோது, அவர் சொல்லச் சொல்ல, கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் உங்கள் வம்சத்தை வரைந்து வைத்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு. உங்கள் சதுரமும் வட்டமும் வெறுமையாக இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். அதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் உறவினருக்கு வந்திருக்கும் நோயின் பெயர் மல்டிபிள் எண்டோகிரைன் நியோபிளேசியா. நாங்கள் சுருக்கமாக எம்.இ.என். என்போம். ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகள் இரண்டிலோ மூன்றிலோ, ஒரே ஆளின் உடம்பில், சேர்ந்தாற்போலோ சில ஆண்டு இடைவெளியிலோ கட்டிகள் வரும் நோய் இது. நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக 2018-இல் அறிவித்தபோது அந்தப் பெயர் நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் அடிபட்டது. அந்த இனத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை தனியாக ஓரிடத்தில் வருபவை. குடும்பத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்காது. எம்.இ.என். அப்படிப்பட்டதில்லை. பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும் ஒரே ஒரு மரபணுப் பிழையால் வருவது. அதனால்தான் ஒரே ஆளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் கட்டி. அதனால்தான் அண்ணனுக்கு இருப்பது தம்பிக்கும் இருக்கலாம்.

இதில் முக்கியமானவை இரண்டு வகை. முதல் வகையில் பாராதைராய்டு சுரப்பிகள், கணையமும் அதை ஒட்டிய சிறுகுடலும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஆகியவற்றில் கட்டிகள் வரும். இரண்டாம் வகையில் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா (சுருக்கமாக ஃபியோ) என்னும் கட்டி, சிலருக்குப் பாராதைராய்டிலும் வீக்கம். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு முதல் வகை. இரண்டாவது இன்னும் கொஞ்சம் அரிது. அபூர்வம்தான். ஆனால் ஊரில் அபூர்வமான இந்த நோய், ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அபூர்வமாக இருப்பதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ அந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி.

ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து மருத்துவமனையில் 18 வயதுப் பெண் ஒருத்தியைச் சேர்த்தார்கள். நினைத்தாற்போல் வரும் படபடப்பு, தலைவலி, பதற்றம். சில நாளில் இறந்துபோனாள். பிணப் பரிசோதனையில் இரண்டு பக்க அட்ரினலிலும் கட்டி இருந்தது. ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் அதை 1886-இல் விவரமாக எழுதி வெளியிட்டார். ஃபியோகுரோமோசைட்டோமா பற்றி மருத்துவ உலகில் வந்த முதல் பதிவு என்று நூறாண்டுக்கும் மேலாக எல்லாப் பாடநூலும் சொல்லிவந்தது அந்தப் பெண்ணைத்தான். கட்டி ஏன் இரண்டு பக்கமும் வந்தது, அதுவும் 18 வயதில், என்று யாரும் தொடர்ந்து கேட்கவில்லை.

2007-இல் அதே ஃப்ரைபுர்க்கில் ஹார்ட்முட் நொய்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பெண்ணின் வம்சாவளியைத் தேடிப் பிடித்தார்கள். உயிரோடு இருந்த உறவினர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். எம்.இ.என். இரண்டாம் வகைக்குக் காரணமான ரெட் மரபணுவின் பிழை அவர்களிடம் இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி ஃப்ரெங்கல் எழுதி 121 ஆண்டுகள் கடந்த பிறகுதான் அவளுக்கு என்ன நோய் என்பதே தெரிந்தது. அதைச் சொன்னது அவளுடைய உடம்பு இல்லை, உறவினர்களின் ரத்தம். இடையில் அந்த வம்சத்தில் எத்தனை பேர் இதைச் சுமந்தார்கள், எத்தனை பேர் கழுத்தில் கழலை என்றும் மாரடைப்பு என்றும் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃப்ரெங்கலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு மரபணு என்ற சொல்லே பிறக்கவில்லை. இந்த நோய் குடும்பத்தில் ஓடுவது என்று மருத்துவர்களுக்குப் புரியவே இன்னும் எழுபது ஆண்டு ஆனது. 1903-இல் வியன்னாவில் யாக்கோப் எர்ட்ஹைம் ஒரே உடலில் பிட்யூட்டரி கட்டியையும் வீங்கிய பாராதைராய்டையும் பார்த்தார், தற்செயல் போலிருந்தது. 1954-இல் பால் வெர்மர் ஒரே வீட்டில் தந்தைக்கும், ஒன்பது பிள்ளைகளில் நால்வருக்கும் சுரப்பிக் கட்டிகள் இருப்பதைக் கண்டு, இது தலைமுறை தலைமுறையாக இறங்கும் நோய் என்று எழுதினார். 1961-இல் சிரக்யூஸ் நகரத்தில் ஜான் சிப்பிள் என்பவர், மூளை ரத்தக்கசிவில் இறந்த 33 வயது இளைஞனின் இரண்டு அட்ரினலிலும் கட்டி, தைராய்டில் புற்று என்று கண்டு, இவை இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று சொன்னார். 1993-இல் ரெட் மரபணுவின் பிழைதான் இரண்டாம் வகைக்குக் காரணம் என்று உறுதியானது. முதல் வகைக்கான மரபணுவை 1997-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் செட்டரா சந்திரசேகரப்பா உள்ளிட்ட குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு தெரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல மருத்துவத்துக்கு இடமில்லை. வழி இருக்கிறது, உங்கள் ரத்தம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் குடும்பக் கதைகளைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். வம்ச வரைபடம் வரைய உட்காரும்போதெல்லாம் நான் இறந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன். "எங்க சித்தப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனார், மயக்க ஊசி ஓவர்டோஸ் ஆகிப் போய்ட்டார்" என்பார்கள். "அத்தை பிரசவத்துல ஜன்னி கண்டு போய்ட்டாங்க." "பெரியப்பாவுக்கு முப்பத்திரண்டு வயசுல ஹார்ட் அட்டாக், பீடிகூடக் குடிக்க மாட்டார்." "பாட்டிக்குக் கழுத்துல பெரிய கழலை, கடைசிக் காலத்துல குரலே போச்சு." இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஃபியோ உள்ள ஆளுக்கு, அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்தால் ரத்த அழுத்தம் 250, 300 என்று எகிறும். பிரசவ வலியிலும் அப்படித்தான். ஒரே வம்சத்தில் இப்படி இரண்டு மூன்று சாவு இருந்து, இன்று ஒருவருக்கு எம்.இ.என். உறுதியாகியிருந்தால், அந்த மயக்க மருத்துவரைத் திட்டுவதை விட்டுவிட்டு உயிரோடு இருப்பவர்களைக் கூட்டி வருவதுதான் செய்ய வேண்டியது.

வராமல் இருப்பதற்கு உங்களிடமிருந்து நான் கேட்ட காரணங்கள் சில உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

"நான் அப்பா ஜாடை, நோய் அம்மாவுக்குத்தானே" என்று ஒருவர் போனில் சொன்னார். மூக்கும் முழியும் யாருடையது என்பதற்கும் இந்தப் பிழை யாரிடம் போகிறது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "நாலு பிள்ளையில் பாதிக்குப் பாதி என்றால் ரெண்டு பேர், அந்த ரெண்டு பேருக்கும் வந்துவிட்டது, மீதி ரெண்டு பேர் தப்பினோம்" என்று இன்னொரு வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்படிப் பங்கு பிரிவதில்லை. ஒவ்வொரு பிள்ளை கருவாகும்போதும் புதிதாகச் சுண்டப்படும் காசு அது. நான்கு பேருக்கும் வந்த வீடும் உண்டு, நால்வருமே தப்பிய வீடும் உண்டு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமும் இதற்குக் கிடையாது.

"சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை" என்று பெரியவர்கள் சொல்வதும் காதில் விழுகிறது. இந்த நோய்க்குச் சொந்தத் திருமணம் காரணமில்லை. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழை வந்தாலே போதும். எங்கிருந்தோ பெண் எடுத்த வீட்டிலும் இதே கணக்குதான். சில சமயம் பெற்றோர் இருவருக்குமே இல்லாமல் ஒரு பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். முதல் வகையில் பத்தில் ஒருவருக்கு அப்படி. அதனால் மாமியார் வீடும் பிறந்த வீடும் ஒருவரை ஒருவர் பழி சொல்லிக்கொள்வதில் பயனில்லை. ஆனால் ஒன்று: இந்தப் பிழை ஓடும் குடும்பத்துக்குள்ளேயே அத்தை மகளையோ மாமன் மகனையோ கட்டினால், இருவருமே அதைச் சுமக்க வாய்ப்புண்டு. அப்போது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டி முக்கால் பங்காகிறது. முறைப்பையனோ முறைப்பெண்ணோ என்று பேச்சு எடுக்கும் முன்னே இருவருக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம். தைராய்டில் மெடுல்லரி புற்று வளரத் தொடங்கும்போது வலிக்காது, விழுங்கும்போது தட்டாது, ரத்தத்தில் சாதாரண தைராய்டு டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல் என்றே வரும். ஏனென்றால் அது தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவதில்லை, கால்சிட்டோனின் சுரக்கும் சி-செல்களில் வருகிறது. கழுத்தில் நெறிகட்டி கைக்குத் தட்டுப்படும் நேரத்தில் நோய் பெரும்பாலும் தைராய்டைத் தாண்டியிருக்கும். மற்ற தைராய்டுப் புற்றுகளுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மருந்தை இந்தச் செல்கள் ஏற்பதில்லை, அதனால் பயன்படாது. சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது மொத்தமாக எடுத்துவிடுவதுதான் குணமாக்கும் வழி. தொந்தரவு வரட்டும் என்று காத்திருப்பது அந்த வழியை நாமே அடைப்பதாகும்.

இதெல்லாம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லும் காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு, கல்யாணம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். இந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. நம் ஊரில் வாழ்பவன்தான் நானும். ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டாம் வகை நோய்க்காக அட்ரினலிலும் தைராய்டிலும் அறுவை செய்துகொண்ட ஒரு தாய் இருந்தார். மகளை அழைத்து வரச் சொன்னேன். "தை பிறக்கட்டும் டாக்டர், நிச்சயம் ஆகியிருக்கு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். தை பிறந்தது, கல்யாணமும் முடிந்தது. மகள் வரவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்தது அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது. தலை பிளக்கும் வலி, வேர்வை, நெஞ்சு படபடப்பு, ஏறி ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். கர்ப்ப காலத்து பி.பி. என்று நினைத்து, அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் லேபெட்டலால் மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த மருத்துவர் செய்ததில் தவறில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஃபியோ உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை சில சமயம் ரத்த அழுத்தத்தை இறக்குவதற்குப் பதில் ஏற்றிவிடும். முதலில் ஆல்ஃபா பிளாக்கர், அது நன்றாகப் பிடித்த பிறகே பீட்டா பிளாக்கர் என்பது இந்தக் கட்டிக்கான முறை. தாயின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் எழுதியிருந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அது பிறந்த வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் பூட்டியிருந்தது.

சில வாரம் மருந்தில் வைத்து, சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பிறகு அட்ரினல் கட்டியை எடுத்தோம். அதற்குப் பிறகு தைராய்டு. இந்த வரிசை முக்கியம். ஃபியோ இருக்கும்போது கழுத்தில் கை வைக்கக் கூடாது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பெண்ணின் கழுத்தில் நோய் நெறிகளுக்குப் பரவியிருந்தது, கால்சிட்டோனின் இன்றும் முழுதாக இறங்கவில்லை. ஐ.சி.யு. வாசலில் மருமகன் மாமியாரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை?" அந்த அம்மா எந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பயந்தாரோ, அந்தக் குடும்பம்தான் ராத்திரி பகலாக அந்தப் பெண்ணுக்குக் காவல் இருந்தது. எல்லாச் சம்பந்தி வீடும் இப்படி இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் உயிரைப் பணயம் வைப்பது பெண் என்பதும் தெரியும்.

வரன் பேசும் இடத்தில் என்ன சொல்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் பரிசோதனை செய்யுங்கள். பாதிப் பேருக்கு இல்லை என்றுதான் வரும். அவர்கள் சொல்ல வேண்டியதே ஒன்றுமில்லை. இருக்கிறது என்று வருபவர்களும் உரிய வயதில் சிகிச்சை எடுத்துக்கொண்டு, படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். தெரிந்த நோயோடு வாழும் மருமகள் வேண்டுமா, தெரியாத நோயோடு பிரசவ அறைக்குப் போகும் மருமகள் வேண்டுமா என்று கேட்டால் எந்த மாமியாரும் யோசிப்பார்.

இனி பரிசோதனை பற்றி. கையில் நரம்பைத் தேடி ஊசி குத்தி, கத்தரிப்பூ நிற மூடி போட்ட சிறு குழாயில் சில மில்லி ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. உங்கள் உறவினருக்கு மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், உங்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அதனால் அவருக்கு ஆன செலவைவிட உங்களுக்குக் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த மரபணுப் பரிசோதனை நடக்கிறது. மற்ற ஊர்களிலிருந்தும் ரத்தத்தை அனுப்பிப் பார்க்கலாம். கூடவே, இது வெறும் ஊசிக் குத்தோடு முடிகிற காரியமில்லை என்பதால், எடுப்பதற்கு முன் ஒரு முறையும் முடிவு வந்த பின் ஒரு முறையும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வளர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அப்படி விட என் மனம் இடம் கொடுக்கவில்லை. ரெட் மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்பதைப் பொறுத்துப் புற்று வரும் வயது மாறும். 634 என்று எண்ணிட்ட இடத்தில் பிழை இருந்தால் ஐந்து வயதுக்குள்ளோ அதை ஒட்டியோ தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். 918-ஆம் இடத்தில் குறிப்பிட்ட பிழை இருந்தால் முதல் பிறந்தநாளுக்கு முன்பே. வேறு இடங்களில் இருந்தால் கால்சிட்டோனினைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் காத்திருக்கலாம். நல்லாயிருக்கும் பிள்ளையின் கழுத்தைக் கிழிப்பதா என்று பாட்டிமார் துடிப்பது நியாயம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சாமுவேல் வெல்ஸ் குழுவினர், மரபணு முடிவை மட்டும் வைத்து இப்படி முன்கூட்டியே தைராய்டு எடுக்கப்பட்ட 50 சிறுவர் சிறுமியரையும் இளையவர்களையும் குறைந்தது ஐந்தாண்டு கவனித்து 2005-இல் வெளியிட்டார்கள். 44 பேருக்கு நோயின் சுவடே இல்லை. கழுத்தில் நோய் வெளியே தெரிந்த பின் அறுவை செய்துகொள்ளும் பெரியவர்களுக்கு இப்படி ஒரு கணக்கை என்னால் காட்ட முடியாது. அந்தப் பிள்ளைகள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை சாப்பிட வேண்டும், சிலருக்குக் கால்சியமும் தேவைப்படும். ஓடியாடி விளையாடலாம், பள்ளிக்குப் போகலாம். சிறு பிள்ளைகளின் பாராதைராய்டு சுரப்பிகள் அரிசி மணியைவிடச் சிறியவை. அவற்றைச் சேதமாக்காமல் தைராய்டை எடுக்கப் பழகிய கை வேண்டும். ஆகவே நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்று தனித் துறை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் அரசுத் துறையிலேயே அது இருக்கிறது.

இரண்டாம் வகைப் பிழை இருக்கிறது என்று முடிவு வந்த பெரியவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை அட்ரினல் பரிசோதனை உண்டு. அரை மணி நேரம் படுத்தபடி இருந்து ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் பார்க்கலாம். அல்லது 24 மணி நேரச் சிறுநீரில் பார்க்கலாம். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன் பிறகு பகலும் இரவும் போகும் ஒவ்வொரு சொட்டையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, ஆய்வகத்தில் கொடுக்கும் கேனில் பிடிக்க வேண்டும். அந்தக் கேனைப் பையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவதற்குக் கூச்சப்பட்டு, பாதியைக் கொட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. அளவு குறைந்தால் முடிவு தப்பாகும், கட்டி இருந்தும் இல்லை என்று வரும். கூச்சமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அரைகுறையாகப் பிடிக்காதீர்கள். பெண்கள் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் முன்பும், யாரானாலும் எந்த அறுவைக்குப் போகும் முன்பும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். குடல்வால் ஆபரேஷன்தானே என்று நினைக்க வேண்டாம். அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால் "எங்கள் வீட்டில் ஃபியோ இருக்கிறது" என்ற நான்கு சொல்லை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

முதல் வகை ஓடும் வீட்டுக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். அங்கே ஒரே பிழை ஆளுக்கொரு முகம் காட்டும். அண்ணனுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல். வாழைத்தண்டுச் சாறு குடித்தே காலம் தள்ளுகிறார், ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. தங்கைக்கு ஆறாத வயிற்றுப் புண். பேன்டோபிரசோல் மாத்திரையை நிறுத்தினால் வயிற்றுப்போக்கும் வலியும் வந்துவிடும், அதனால் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார். 1955-இல் ஒஹாயோவின் சோலிங்கரும் எலிசனும் இத்தகைய புண்களின் பின்னால் கணையக் கட்டி இருப்பதைச் சொன்னார்கள். தம்பிக்கு விடியற்காலையில் புத்தி தடுமாறும், கை கால் இழுக்கும். வலிப்பு என்றோ பேய் பிடித்தது என்றோ நினைத்திருப்பார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தெளிவார், ஏனென்றால் அது இன்சுலின் சுரக்கும் கட்டி. இன்னொரு தங்கைக்குக் குழந்தை இல்லை, பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிகிறது, அது பிட்யூட்டரி. ஒருவர் சிறுநீரக மருத்துவரிடம், ஒருவர் குடல் மருத்துவரிடம், ஒருவர் நரம்பு மருத்துவரிடம், ஒருவர் மகப்பேறு மருத்துவரிடம். நால்வரும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் இது ஒரே நோய் என்று தெரியும். "அண்ணனுக்கு இருக்கிற மாதிரி எனக்கு இல்லை" என்பது இந்த வகையில் சமாதானமே இல்லை. மரபணு முடிவு வரும்வரை ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் (பி.டி.எச்.) மட்டுமாவது பாருங்கள். கால்சியம் பார்ப்பது சாதாரண ஆய்வகத்திலும் மலிவாக முடியும் வேலை. இந்த வகை உள்ள ஆண்கள் புகைபிடிப்பதை இன்றே விட வேண்டும். நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பியில் வரும் கொடிய கட்டி புகைபிடிக்கும் ஆண்களிடம் அதிகம்.

இல்லை என்று முடிவு வந்தவர்களிடம் பேச எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் வீட்டுப் பிழை உங்களிடம் இல்லை என்று ஆகிவிட்டால், அத்தோடு முடிந்தது. ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டாம், கால்சிட்டோனின் வேண்டாம், கேன் வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது உங்கள் வழியாகப் போகாது. பயத்தில் வராமல் இருக்கும் ஒவ்வொருவரும் பயப்படுவது இருக்கும் என்ற முடிவுக்கு. ஆனால் பாதிப் பேருக்குக் காத்திருப்பது இந்த விடுதலை.

கடைசியாக, நோயோடு இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்கள் வராததற்குக் காரணம் தான்தான் என்ற குற்ற உணர்வோடு அவர் ஒவ்வொரு முறையும் செக்கப்புக்கு வந்து, "சொல்லிப் பாத்தேன் டாக்டர், கேக்க மாட்டேங்கிறாங்க" என்று தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் உங்களுக்கு எதையும் தரவில்லை. அவருக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் உங்களுக்கும் வந்திருக்கும், வந்திருந்தால். அவருடைய மரபணு ரிப்போர்ட்டில் பிழை இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இல்லாமல் உங்கள் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. அந்த ரிப்போர்ட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் அழைத்துக்கொண்டு, இந்த மாதமே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறவினருக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்